சங்கிலி இருவர்

ஒரே பெயரை இருவர் தாங்கியிருப்பின், ஒருவன் செயல் மற்றவன்மேல் ஏற்றப்படுதலும், இருவர் காலமும் ஒன்றாகச் சுருங்கிவிடுதலும் வரலாற்றில் எளிதில் நிகழ்வன. யாழ்ப்பாண இராச்சியத்தின் இறுதி நூற்றாண்டில் இவ்வாறு மயங்கிய பெயர் சங்கிலி என்பதாகும்.

ஆரியச்சக்கரவர்த்திகள் முடிசூடுங்கால் ஒருவன் செகராசசேகரன் எனவும், அவனையடுத்து வருபவன் பரராசசேகரன் எனவும் மாறிமாறிப் பட்டப்பெயர் பூணுதல் மரபு. ஆகவே, செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்களின் பெயரை மட்டுங் கொண்டு, அவை எம்மன்னர் காலத்தெழுந்தன எனத் துணிதல் அரிது. பட்டப்பெயரால் வரும் ஐயத்தை இயற்பெயர் தீர்க்கும் என எதிர்பார்த்தல் இயல்பே. சங்கிலியைப் பொறுத்தவரை அவ்வியற்பெயரும் இருவருக்கு உரியதாயிற்று.

முதலாம் சங்கிலி 1519 முதல் 1561 வரை நல்லூரிலிருந்து ஆண்டவன். போர்த்துக்கேயரின் சமயப் பணியைத் தொடர்ந்து அவர்தம் அரசாதிக்கமும் வரும் என இவன் அஞ்சினான் என்பர் ஆய்வாளர். 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறித்தவராயினோருள் ஏறத்தாழ 600 பேர் இவன் ஆணையாற் கொல்லப்பட்டனர் எனக் கூறப்படுகின்றது. அக்காலத்தில் தென்னிந்தியக் கரையோரத்திற் சமயத் தொண்டாற்றிய சவேரியாரின் கடிதங்களும் இச்செய்தியைத் தொடுகின்றன. 1560இல் போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா கோவாவிலிருந்து பெரும்படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். மன்னன் தலைநகரை விட்டுப் பின்வாங்கினான். எனினும் மக்கள் கிளர்ந்தெழவே, படையெடுத்து வந்தோர் யாழ்ப்பாணத்தினின்றும் அகன்று மன்னாரிற் கோட்டை கட்டி அமைந்தனர். மன்னார் போயிற்று, இராச்சியம் எஞ்சியது.

இதற்குப் பின் ஏறக்குறைய அறுபதாண்டுகள் கழிந்தன. 1591இல் அந்திரே பூர்த்தாடோ த மென்டொன்சாவின் படையெடுப்பிலே புவிராசபண்டாரம் உயிரிழந்தான். போர்த்துக்கேயர் எதிர்மன்னசிங்கனைத் தம் மேலாண்மைக்குட்பட்ட அரசனாக்கினர். அவன் 1617இல் இறந்தபொழுது உரிமை மைந்தன் குழந்தையாயிருந்தான். அந்நிலையில் அரச குடும்பத்தினரைக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றியவனே சங்கிலி குமாரன் எனப்படும் இரண்டாம் சங்கிலி. தஞ்சை இரகுநாத நாயக்கனின் படைத்துணையை இவன் பெற்றான். ஆயினும் 1619இல் பிலிப்பே த ஒலிவேறாவிடம் தோல்வியுற்றுச் சிறைப்பட்டான். கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆங்கு மரண தண்டனை பெற்றான். யாழ்ப்பாண இராச்சியம் இவனோடு முடிவுற்றது.

மாதகல் மயில்வாகனப் புலவர், 1736ஆம் ஆண்டளவில், ஒல்லாந்த அதிகாரி மக்கறாவின் வேண்டுகோட்கிணங்க யாழ்ப்பாண வைபவமாலையை யாத்தார். அந்நூலில் மன்னார்க் கொலையைச் செய்தவனும், போர்த்துக்கேயரிடம் அரசிழந்தவனும் ஒரே சங்கிலியாகக் காட்சியளிக்கின்றனர். இரண்டாம் சங்கிலி வீழ்ந்து நூறாண்டுகளுக்குப் பின் செவிவழிச் செய்திகளையும் முன்னோர் நூல்களையும் தொகுத்த புலவரை இதற்காகக் குறைகூறல் தகாது. அவர் காத்துத் தந்த செய்திகள் இலவேல் ஒப்புநோக்குதற்கே பொருளிராது. பிற்காலத்தில் முதலியார் செ. இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் முதலியோர் போர்த்துக்கேயர் குறிப்புக்களோடு வைத்து ஆராய்ந்தமையாலேயே இருவரும் வேறாயினர்.

இவ்வேறுபாடு ஆண்டுக்கணக்கை மட்டும் பொறுத்ததன்று. இருவரை ஒருவராக்கின், மன்னார்க் கொலைக்கு விளைந்த தண்டனையே அரசின் வீழ்ச்சி எனக் கதை அமைத்தல் எளிது. அக்கொலைக்கும் அவ்வீழ்ச்சிக்கும் இடையே 75 ஆண்டுகள் உள்ளன என்பது தெரிந்தவிடத்து அக்கதை நில்லாது. இராச்சியத்தைத் தாங்கிய முதல்வனின் புகழை, உறவினரைக் கொன்று அதிகாரம் பெற்ற பின்னவனுக்குச் சூட்டுதலும் அவ்வாறே பொருந்தாது. எல்லாவற்றினும் மேலாக, போர்க்களத்திற் பட்ட புவிராசபண்டாரமும், அந்நியர் மேலாண்மையின் கீழ் இருபத்தாறாண்டு அரசிருந்த எதிர்மன்னசிங்கனும் மறக்கப்படுவர். அரசு ஒரே நாளில் வீழ்ந்ததன்று. 1560, 1591, 1619 என மூன்று படியாகத் தேய்ந்தது என்னும் உண்மையும் அவர்களுடன் மறையும்.

நல்லூரிலே சங்கிலித்தோப்பு என்னும் இடப்பெயர் நிலைத்துள்ளது. முத்திரைச் சந்தியிற் சங்கிலியன் சிலை நிற்கின்றது. மண்ணும் கல்லும் பெயரைக் காத்து வைத்தன. எந்தச் சங்கிலி என்னும் வினாவுக்கு அவை தாமாக விடை கூறமாட்டா. எவ்வாண்டில், எப்படைத்தலைவனுக்கு எதிராக, எம்முடிவோடு எனக் கேட்டறிதல் கற்போர் கடன். பழம்பெயரொன்றைப் போற்றுதற்கு முதற்படி, அதனைத் தாங்கிய ஒவ்வொருவனுக்கும் உரிய புகழையும் பழியையும் அவனவனுக்கே அளித்தலாகும்.