பெக்கின் நாற்காலியும் பெரியாரின் மேடையும்

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வீதி வழியே சற்றுத் தூரம் போனால் மஹய்யாவ. தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் இடம். நகரின் பொது மயானம் இங்கேதான் இருக்கிறது. கண்டி மாநகர சபையின் நகரசுத்தித் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் குடியிருப்பும் இங்கேதான். அவர்களில் பலர், ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள்.

அந்தக் குடியிருப்பில் உயர்தரம் சித்தியடைந்த ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெயரை எழுதி முடித்து முகவரிக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. மனதில் இரண்டு வாக்கியங்கள் ஓடுகின்றன. ‘இந்த வேலைக்கெல்லாம் நான் லாயக்கில்லை’ என்பது ஒன்று. ‘மஹய்யாவ என்று பார்த்ததுமே ஒதுக்கிவிடுவார்கள்’ என்பது மற்றது.

எண்ணத்தை மாற்று, வாழ்க்கை மாறும் என்று சொல்பவர்கள் இந்த இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் நீட்டுவார்கள். அந்த மருந்து எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று பார்க்க, மனிதரின் தன்மதிப்பைச் சிந்தனை வழியே மீட்க முயன்ற இருவரை அருகருகே வைக்கலாம். ஒருவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021). மற்றவர் சுயமரியாதை இயக்கத்தை நடத்திய ஈரோட்டின் பெரியார் ஈ.வெ.ரா. (1879–1973). ஒருவரிடமிருந்து மற்றவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனாலேயே அவர்கள் ஒத்துப்போகும் இடங்களுக்கு மதிப்பு கூடுகிறது.

பிழை எங்கே இருக்கிறது?

பெக் பிராய்டின் வழியில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வுக்கு அடியில் உள்நோக்கித் திரும்பிய கோபம் இருக்கிறது என்ற பிராய்டியக் கருத்தை நிறுவத்தான் அவர் நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். கனவுகளில் அவர் கண்டதோ இழப்பும் தோல்வியும். விழித்திருக்கும் நேரத்திலும் அவர்களுடைய மனதில் தம்மைத் தாமே தாழ்த்தும் எண்ணங்கள் அழைக்காமலே எழுந்துகொண்டிருந்தன. இவற்றைத் தானாக எழும் எண்ணங்கள் என்று அவர் பிரித்துக் காட்டினார். ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்பதை நோயாளி தீர்ந்துபோன உண்மையாக நம்புகிறார்; பெக் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய ஓர் ஊகமாக அவர் முன் வைத்தார்.

பெரியாரும் தாழ்வெண்ணத்தில்தான் கை வைத்தார். 1925 மே மாதம் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கி, அதே ஆண்டு காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரசை விட்டு வெளியேறினார். மேல் சாதியின் ஆணவத்தை மட்டும் அவர் தாக்கவில்லை. கீழே வைக்கப்பட்டவர் அந்த இடத்தைத் தனக்குரியதென்று ஏற்றுக்கொள்வதையும் அதே வேகத்தில் தாக்கினார். அம்பேத்கரும் 1936 இல், சாதி செங்கல்லால் கட்டிய சுவரல்ல, ஒரு மனநிலை என்றே விளக்கினார்.

ஆனால் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது இருவரும் பிரிகிறார்கள். பெக் ஒரு மனிதரின் இளமைக்கால அனுபவங்களையும் அவற்றில் வேர்விட்ட அடிநம்பிக்கைகளையும் தேடுகிறார். பெரியார் புராணம், சடங்கு, சட்டம், கோயில் வாசல் என்று வெளியே கையைக் காட்டுகிறார். மஹய்யாவவில் இந்த இரண்டாவது தேடலைத் தவிர்க்க முடியாது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அந்தச் சிக்கலின் மிச்சத்தைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘நமக்கு இங்கே உரிமையில்லை’ என்று ஒரு பாட்டி பேத்தியிடம் சொல்லியிருந்தால் அது அவருடைய மனப்பிரமையல்ல. நாடாளுமன்றம் நிறைவேற்றியதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

எண்ணத்தை எப்படி அசைப்பது?

இருவருமே உபதேசத்தை நம்பாமல் கேள்வியை நம்பினார்கள். அப்படி நினைக்க என்ன ஆதாரம், எதிர் ஆதாரம் எதுவும் உண்டா, இதே நிலையில் உன் தோழி இருந்தால் அவளிடம் என்ன சொல்வாய் என்று பெக்கின் முறை கேட்கும். நடந்தது, அப்போது தோன்றிய எண்ணம், அதன் ஆதாரம் என்று கட்டம் போட்டு எழுதிவரச் சொல்லும். 1977 இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் இந்த முறை, அக்காலத்தில் மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட இமிப்ரமின் மாத்திரையை விஞ்சியது. பெரியாரும் கேட்பவரைக் கேள்விமேல் கேள்வியால் மடக்கியவர். தான் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாமல் உங்கள் அறிவைக் கொண்டு சோதித்துப் பாருங்கள் என்று கூட்டங்களில் வற்புறுத்தியவர்.

கேள்வியோடு நிற்காமல் செயலுக்கு வருவது இன்னும் முக்கியமான ஒற்றுமை. நோயாளி அஞ்சுவதைச் சிறிய அளவில் செய்து பார்க்கச் சொல்வார் பெக்: அஞ்சியது நடக்கிறதா, பார். சுயமரியாதைத் திருமணத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் அதுவும் ஒரு சோதனைதான். புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் கட்டிய தாலி நிலைக்காது, குடும்பம் விளங்காது என்பது ஊரின் அச்சம். 1928 இலிருந்து அத்தகைய திருமணங்கள் நடந்தன. அந்தக் குடும்பங்கள் விளங்கின, ஊர் அதைப் பார்த்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னதும் இதே வகைதான்: பெயரை வெட்டிப் பார், வானம் இடிந்து விழுகிறதா?

செயலுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது சரியென்று பின்னர் ஓர் ஆய்வும் காட்டியது. 1996 இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் பெக்கின் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். எண்ணங்களைத் திருத்தும் பகுதியை எடுத்துவிட்டு, நோயாளியை மீண்டும் அன்றாடச் செயல்களில் இறக்கும் பகுதியை மட்டும் கொடுத்தபோதும் முழுச் சிகிச்சைக்கு ஈடான பலனே கிடைத்தது. எண்ணம் மாறினால் செயல் மாறும் என்பதைப் போலவே, செயல் மாறினால் எண்ணமும் மாறும்.

வேறுபாடு சாட்சிகளில் இருக்கிறது. பெக்கின் சோதனைக்கு இரண்டு பேர் போதும், ஒரு மூடிய அறை போதும். பெரியாரின் சோதனை ஊர்கூடிப் பார்க்க நடந்தது. ஆகவே ஒருவர் துணிந்தால் அதைப் பார்த்த பலருடைய அச்சமும் ஆட்டம் கண்டது.

யார் எங்கே நின்றுவிடுகிறார்?

காலையில் படுக்கையை விட்டு எழவே முடியாதவளிடம் பெரியாரின் மேடைப் பேச்சு போய்ச் சேராது. மனச்சோர்வுக்கு மருத்துவம் வேண்டும். தவிர, மனம் மாறிவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்பதும் இல்லை. சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967 இல் அண்ணா அரசு சட்டத்தைத் திருத்திய பின்னரே அவை சட்டத்தின் முன் திருமணங்களாயின. பெயரிலிருந்து பட்டம் போன தமிழ்நாட்டிலும் ஊரையும் தெருவையும் விசாரித்துச் சாதியைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் போகவில்லை.

பெக்கின் எல்லை வேறு விதமானது. அவர் முறை ‘நல்லதையே நினை’ என்று சொல்வதில்லை. எண்ணம் உண்மையாக இருந்தால் பிரச்சினையைத் தீர்க்க வழி தேடு என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரச்சினை வேறொருவரின் மேசையில் இருந்தால், சிகிச்சை அறையிலிருந்து அதற்குக் கை நீளாது. காலிங்க டியூடர் சில்வா, பி.பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் 2009 இல் பதிப்பித்த ஆய்வுநூல், இலங்கையில் வெளியே தெரியாமல் இயங்கும் சாதிப் பாகுபாட்டைப் பற்றியது. மறைவாக இயங்குவதற்கு ‘ஆதாரம் என்ன’ என்று கேட்டால், பாதிக்கப்பட்டவரிடம் காட்டத் துண்டுக் காகிதமும் இருக்காது.

இப்போது அந்த இரண்டு வாக்கியங்களுக்கு வருவோம். ‘நான் லாயக்கில்லை’ என்பது பொய். அவளுடைய பெறுபேறே அதற்கு எதிர் ஆதாரம். அதைத் தனியாகவோ ஆசிரியர் ஒருவரின் துணையோடோ பெக்கின் வழியில் திருத்தலாம். திருத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் தபாலில் சேராது. ‘ஒதுக்கிவிடுவார்கள்’ என்பது உண்மையாகவும் இருக்கலாம். அதைத் தவறான எண்ணம் என்று சொல்லி மாற்றச் சொல்வது, தன் கண்ணையே சந்தேகிக்க அவளுக்குப் பழக்குவதாகும். அங்கே திருந்த வேண்டியது விண்ணப்பத்தைப் பிரித்துப் படிப்பவரின் எண்ணம்.

ஆகவே இரண்டாவது வாக்கியத்தைத் தனியாளின் தலையிலிருந்து பொதுவுக்குக் கொண்டுவர வேண்டும். பெக்கின் கட்டங்களை வேறு விதமாகவும் நிரப்பலாம்: எந்த வேலை, என்ன தகுதி, எப்போது விண்ணப்பித்தேன், என்ன பதில் வந்தது. ஒருத்தி எழுதினால் அது அவளுடைய மனக்குறிப்பு. குடியிருப்பின் இளைஞர்கள் எல்லோரும் எழுதிச் சேர்த்தால் அதுவே ஆதாரம். இலங்கை அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சாதியின் பேரிலும் பிறந்த இடத்தின் பேரிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அரச நிறுவனமாயின் அந்தக் குறிப்புகளோடு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தனியார் நிறுவனமாயின் குறைந்தபட்சம் ஊரறியப் பேசலாம். முதல் வாக்கியத்தை வென்றவளுக்குத்தான் இரண்டாவதை எழுதிவைக்கும் துணிவு வரும். தனிமனித மாற்றம் தேவைப்படுவது அதற்காக. அவள் அத்தோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காக அல்ல.