பராமரிப்புக் குறிப்பு யார் வாசிக்க?

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் என்றால் சைக்கிள் மிதித்த பெண்கள்தாம் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். 1991இல் தொடங்கிய அந்த எழுத்தறிவு இயக்கத்தின்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவுடன் சேர்ந்து 1996இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டே இருவரும் வெளியிட்ட இன்னோர் ஆய்வு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தமிழகத்தில் நடந்த பெண் சிசுக்கொலையை ஆரம்ப சுகாதார நிலையங்களின் ரிஜிஸ்டர்களைக் கொண்டு அவர்கள் அளந்து காட்டினார்கள். குழந்தை இறப்புக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘சமூகக் காரணம்’ என்று பதிவாகியிருந்தது. ஊருக்குள் அன்றாடம் போய்வர வேண்டிய கிராம சுகாதார செவிலியர் கொலை என்று எழுதத் துணியமாட்டார். வயிற்றுப்போக்கு என்று பொய் எழுதவும் கை வராது. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த வழி அது எனக் கொள்ளலாம். மழுப்பல்தான், ஆனாலும் குழந்தைவாரியாகப் பதிந்த மழுப்பல். மாத முடிவில் அனுப்பும் மொத்த எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருந்தால் ஆய்வாளர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

அன்றாடப் பராமரிப்புக் குறிப்புகளில் இன்றைய சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. நம் பதிவேடுகள் மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல எழுதப்படுகின்றன. அடுத்து வந்து நோயாளியைத் தொடப்போகிறவர் வாசிப்பதற்கென்று எழுதப்படுவது குறைவு.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வந்தன. பிரஷருக்கு எண் போதும்: 150/90 என்று எழுதினால் யாருக்கும் புரியும். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு எண் போதாது. ‘பார்வையிடப்பட்டார், நலம்’ என்ற பதிவு சென்றவரின் வருகைக்குச் சான்று. கிடப்பவரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

அதே வருகையை இப்படி எழுதலாம்: ‘காலை 10 மணி. வலது குதிகாலில் ஐந்து ரூபாய்க் காசளவு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. போன வாரம் இல்லை. கஞ்சி அரை டம்ளர். விழுங்கும்போது இரண்டு முறை இருமினார். மருமகளிடம் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னேன்.’ எழுத மூன்று நிமிடம் ஆகலாம். அழுத்தி வெளுக்காத சிவப்பு படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். அதை அன்றே கண்டுகொண்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். விழுங்கும்போது வரும் இருமல், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். இந்தக் குறிப்பில் ‘போன வாரம் இல்லை’ என்பதுதான் மிக முக்கியமான பகுதி. மாற்றம் தெரியாத பதிவால் அடுத்து வருபவருக்குப் பயன் இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம், எந்தெந்த நேரத்தில் தூங்கினார் என்று கேளுங்கள் என 1859இலேயே செவிலியர் பணி பற்றிய தம் நூலில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வலியுறுத்திவிட்டார். ஆனாலும் ‘பொது நிலை பரவாயில்லை’ என்ற வாசகம் கேஸ் ஷீட்டுகளை விட்டு இன்றுவரை போகவில்லை.

அந்தக் கேஸ் ஷீட்டுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பவை. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் தம் ஆவணத்தைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. கையில் வாங்கியபின் அதை வாசிப்பது யார்? மருந்தின் பெயரும் அளவும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்; வெளியூர் மருத்துவருக்கும் அது வேண்டும். கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதுவதற்கு என்ன தடை? தன் மொழியில் நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவரைப் பழகாத மொழியில் எழுதச் சொன்னால், தெரிந்த நான்கு சொற்களுக்குள் நோயாளியை அடக்கிவிடுவார்.

தாய் சேய் நல அட்டை வீட்டிலேயே இருக்கிறது. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கூடவே போகிறது. முதியோருக்கும் படுக்கையில் இருப்போருக்கும் அப்படி ஒரு தமிழ் நோட்டு வீட்டில் இருந்தால், இரவில் பார்த்துக்கொள்ளும் மகளும் அதில் இரண்டு வரி சேர்க்கலாம். 1991இல் முப்பது வயதில் அறிவொளியில் எழுத்துக் கூட்டக் கற்ற பெண்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மாத்திரை வாங்கும் வயதில் அவர்களும் இருக்கிறார்கள். தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களாலேயே பார்க்க முடியும்.

ஏற்கெனவே நோட்டும் செயலியுமாக இரட்டைப் பதிவில் திணறும் பெண் களப்பணியாளர்களிடம் இன்னொரு நோட்டா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுத வைப்பதை முதலில் நிறுத்திவிட்டுத்தான் இதைக் கேட்க முடியும்.

நேரத்தைவிடப் பெரிய தடை பயம். ‘நலம்’ என்று எழுதியவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. குதிகாலில் சிவப்பைக் கண்டதாக எழுதியவரிடம்தான், “பார்த்தீங்க சரி, அப்புறம் என்ன செஞ்சீங்க?” என்று விசாரணை வரும். பார்த்ததை எழுதாமல் விடுவதே பாதுகாப்பு என்று அனுபவம் கற்பித்துவிடுகிறது. பயிற்சி வகுப்புகள் எழுதுபவரைத் திருத்தப் பார்க்கின்றன. திருத்த வேண்டியது மேற்பார்வை. மாதக் கூட்டத்தில் படுக்கை நோயாளி ஒருவரின் நான்கு வாரக் குறிப்புகளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லலாம். நான்கு வாரமும் ‘நலம்’ என்றே இருந்தால், கேள்வி அங்கிருந்து தொடங்க வேண்டும்.