கண் காந்தும் பூ

இடைசெவல் பக்கம் கண் எரிந்தால் ‘கண்ணு காந்துது’ என்பார்கள். வத்தல் ஆய்ந்த கை காந்தும். வெயிலில் அலைந்துவிட்டு வந்தவனுக்கு உடம்பெல்லாம் காந்தும். காந்தள் என்ற பெயருக்கு இந்தக் ‘காந்து’ வேராக இருக்கலாம். மொட்டில் பச்சையாக இருக்கும் இதழ் விரியும்போது மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவப்பேறி, சில நாளில் முழுதும் செந்தீயாகிவிடும். இதழ்கள் மேல்நோக்கி வளைந்து நிற்பதால் எரிகிற சுடரேதான்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூவரிசை செங்காந்தளில்தான் தொடங்குகிறது. இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். ஊர்வாய்க்குப் போனால் அதுவே கண்வலிக்கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பது பழைய நம்பிக்கை. காந்தள் என்ற பெயர் பேச்சிலிருந்து மறைந்த பிறகும் அந்த எரிச்சல் மட்டும் கண்வலியாகத் தங்கிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

கலப்பைக்கிழங்கு என்ற பெயர் மண்ணுக்குள் பார்த்தவர்கள் வைத்தது. கிழங்கு இரண்டு கையாக மடங்கி, கலப்பை போலக் கிடக்கும். வடமொழியிலும் இது ‘லாங்கலி’. லாங்கலம் என்றால் கலப்பை. அந்தச் சொல்லுக்கும் நம் நாஞ்சிலுக்கும் உறவு உண்டு என்பார்கள் மொழியறிஞர்கள்.

பழைய உரைகளில் காந்தளுக்கே ‘தோன்றி’ என்றும் பெயர். கோடையில் கொடி இருந்த சுவடே இராது. மழை விழுந்ததும் தோன்றும். பெயர் பொருத்தம்தான். மலையாளத்தில் அது மேந்தோன்னி. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற தாவர நூல் அதை மெண்டோனி என்று பதிந்தது. ஐரோப்பியத் தாவர நூல்களில் அது ‘மெத்தோனிக்கா’ ஆனது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ‘குளோரியோசா’ என்று வைத்த பெயரே நிலைத்தது. நம் மலைச்சரிவில் பிறந்த சொல் அவ்வளவு தூரம் போய் வழக்கொழிந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. ஈழத்தில் இந்தப் பெயர்தான் வழக்கு.

இடைசெவலில் இதைத் தொட்டியில் வைப்பதே நல்லது. அங்குள்ள கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்திக்கு அது வரம், இந்தக் கிழங்குக்கோ அழுகல். இதற்குச் செவல் என்னும் செம்மண்தான் வேண்டும். ஊர்ப் பெயரிலேயே செவல் இருக்கிறது. செவலோடு மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, ஆடி, ஆவணியில் நடலாம். முளைக்கண் கிழங்கின் ஒவ்வொரு கை நுனியிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும், ஆகவே நாலு பருத்திமார் ஊன்றினால் போதும். தையில் கொடி பழுத்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பழைய கிழங்கு வற்றி, அதன் இடத்தில் புதுக் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

செடி முழுதும் கோல்கிசின் என்ற நஞ்சு. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே பயிராகிறது; கவுட் என்னும் மூட்டுவாதத்துக்கான மருந்துக்கு அந்த நஞ்சுதான் மூலப்பொருள். வீட்டில் வைப்பவர்கள் கிழங்கைச் சர்க்கரைவள்ளியோடு ஒரே கூடையில் போடக் கூடாது. பிள்ளைகள், ஆடு மாடுகள் வாய்க்கு எட்டாத இடத்தில் தொட்டி இருக்கட்டும்.