நீலன் சிலை பிறந்த கதை

சென்னை மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் பக்கம், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் சிலை நின்றது. ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் என்பது அவர் பெயர். மேடைப் பேச்சாளர்களுக்கும் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் அவர் நீலன். இன்று அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு சிலை இருந்ததாகத் தெரியாது. ஆனால் பொது இடத்தில் ஒருவர் சிலை நிற்கலாமா, கூடாதா என்ற வழக்கைத் தெருவுக்குக் கொண்டுவந்து, ஜெயிலுக்குப் போய், பத்து வருஷத்தில் ஜெயித்தும் காட்டிய ஊர் சென்னை. உலகம் இப்போது பேசும் பேச்சை நாம் 1927-லேயே பேசி முடித்துவிட்டோம்.

நீல் 1810-ல் ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்துப் பக்கம் பிறந்தவர். பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் சேர்ந்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1857 வந்திராவிட்டால் சென்னையில் ஏதாவது ஒரு மாதாகோயில் சுவரில் பெயர் பொறித்த கல்லாக முடிந்திருப்பார். அந்த வருஷம் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்ததும், வெள்ளையர் மட்டுமே கொண்ட சென்னைத் துப்பாக்கிப் படைப்பிரிவு ஒன்றைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். தலைவர் நீல்.

ஹவுரா ரயில் நிலையத்திலேயே ஆளின் குணம் தெரிந்துவிட்டது. படைவீரர்கள் ஆற்றில் படகில் வந்துகொண்டிருக்கிறார்கள். ரயில் புறப்படும் நேரம் ஆகிவிட்டது. ‘யாருக்காகவும் காத்திருக்க முடியாது’ என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். நீல் வாதம் செய்யவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரைக் காவலில் வைத்தார். எஞ்சின் ஓட்டுபவரையும் கரி அள்ளிப் போடுபவரையும் சேர்த்துப் பிடித்து வைத்தார். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. கல்கத்தா வெள்ளையர் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். வேறொரு காலத்தில் வேறொரு ஆள் செய்திருந்தால் நாமும் ரசித்திருப்போம்.

ஜூன் முதல் வாரத்தில் காசி. அங்கே சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்கப்போய் அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அடுத்த வாரம் அலகாபாத். இரண்டு ஊர்களிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் தூக்குமரங்கள் முளைத்தன. அலகாபாத்திலிருந்து கான்பூர் நோக்கி ஒரு முன்னணிப் படையை அனுப்பியபோது, வழியில் எந்தெந்த ஊரை அழிக்க வேண்டும் என்று நீல் எழுத்திலேயே கட்டளை கொடுத்தார். இதையெல்லாம் ஏதோ தேசபக்தர் இட்டுக்கட்டி எழுதவில்லை. ஜான் கே என்ற ஆங்கிலேயர் எழுதிய சிப்பாய்ப் போர் வரலாற்றில் இருக்கிறது. காசியில் அந்த நாட்களில் சில சிறுவர்கள் கலகக்காரர்களின் கொடியைப் பிடித்துக்கொண்டு தப்பட்டை அடித்து விளையாடியதற்காகத் தூக்கு விதிக்கப்பட்டார்கள். தீர்ப்புச் சொன்ன குழுவில் இருந்த ஓர் அதிகாரியே கண்ணீரோடு போய் மேலதிகாரியிடம் மன்றாடியும் பலிக்கவில்லை. அதுவும் அதே நூலில்தான்.

நீலுக்காக வாதாடுபவர்கள் எல்லோரும் கான்பூரைக் காட்டுவார்கள். கான்பூர் பீபிகர் வீட்டில் சுமார் 200 வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். மறுக்க முடியாத கொடுமை. அதைக் கண்ட ஆத்திரத்தில் நீல் அப்படி நடந்துகொண்டார் என்பது வாதம். தேதியைப் பாருங்கள். பீபிகர் படுகொலை ஜூலை 15. காசியும் அலகாபாத்தும் ஜூன் மாதம். இன்னும் நடக்காத ஒரு கொலைக்குப் பழிவாங்கக் கிளம்பிய ஆள் உலகத்தில் கிடையாது. இந்த ஒரு மாத இடைவெளியை மறைத்துவிட்டுத்தான் நீலின் புகழ் கட்டப்பட்டது.

கான்பூருக்கு நீல் போய்ச் சேர்ந்தது ஜூலை 20. அங்கே அவருக்கு மேல் ஜெனரல் ஹாவ்லாக் இருந்தார். ‘நான் இங்கே இருக்கும்வரை உமக்கு எந்த அதிகாரமும் கிடையாது’ என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டாராம். ஆளை அவருக்குத் தெரிந்திருந்தது. ஹாவ்லாக் லக்னோ பக்கம் ஆற்றைக் கடந்ததும் ஊர் நீல் கைக்கு வந்தது. ஜூலை 25-ல் ஓர் ஆணை பிறப்பித்தார். மரண தண்டனை பெற்றவர்களைத் தூக்கில் போடும் முன் பீபிகர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தரையில் உறைந்த ரத்தத்தில் ஒரு பங்கை ஒவ்வொருவரும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மறுத்தால் சாட்டையடி. சாதி ஆசாரம் உள்ளவர்களுக்கு அந்த வேலை எவ்வளவு அருவருப்பாக இருக்குமோ அவ்வளவு அருவருப்பாக இருக்க வேண்டும் என்பதும் ஆணையின் பகுதி. சிலரை நாக்கால் நக்கவைத்தார்கள். செத்தபிறகும் கதி கிடைக்காது என்று நம்பியபடியே அந்த மனிதர்கள் சாக வேண்டும் என்பது நோக்கம். நீல் இதில் வெட்கப்படவில்லை. கடவுளின் கை தன்னை நடத்துகிறது என்று நம்பியவர். சில மாதங்களில் தலைமைத் தளபதி காலின் கேம்பல் அந்த ஆணையை நிறுத்தினார். ஆங்கிலேயத் தளபதிக்கே பொறுக்கவில்லை.

செப்டம்பர் 25-ல் லக்னோவில், ஒரு வளைவு வாசலின் அருகே, மேலேயிருந்து ஒரு சிப்பாய் சுட்ட குண்டில் நீல் செத்தார். வயது 47. உயிரோடு இருந்திருந்தால் விசாரணை, வாக்குவாதம், ஓய்வூதியம் என்று ஏதாவது ஆகியிருக்கும். செத்ததால் வீரரானார். விதவைக்கு ‘சர்’ பட்டம் பெற்றவரின் மனைவிக்கு உரிய அந்தஸ்து கிடைத்தது. அவருடைய படைக்கு ‘நீலின் நீலத்தொப்பிகள்’ என்று பெயர் நிலைத்தது. அந்தமான் தீவுக்கூட்டத்தில் ஒரு தீவுக்கும் அவர் பெயர்.

சிலை பிறந்தது இந்தச் சூட்டில். மாத்யூ நோபிள் என்ற லண்டன் சிற்பி ஒரு வெண்கல நீலைச் செய்து, அது 1859-ல் ஏர் நகரத்தில் நிறுவப்பட்டது. சென்னை வெள்ளையர் சும்மா இருப்பார்களா? நீல் அவர்களுடைய ராணுவத்துக்காரர். வங்காள ராணுவம் கலைந்து சிதறியபோது சென்னை ராணுவம் பெரும்பாலும் விசுவாசமாக நின்றது. அந்தப் பெருமையும் கையில் இருந்தது. சந்தா வசூலித்தார்கள். அதே நோபிளுக்கே வேலை கொடுத்தார்கள். 1860-களின் தொடக்கத்தில் நீல் மவுண்ட் ரோட்டில் ஏறி நின்றார். துணிச்சலும் உறுதியும் தன்னம்பிக்கையும் கொண்ட வீரர், வங்காளத்துக் கலக வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர், இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று பீடத்தில் ஆங்கிலத்தில் வெட்டினார்கள்.

எல்லோரும் என்றால் யார்? காசிக்காரரைக் கேட்டார்களா, அலகாபாத்துக்காரரைக் கேட்டார்களா? சிலைக்கு எதிரே நடந்துபோன திருவல்லிக்கேணிக்காரரைக்கூடக் கேட்கவில்லை. ஒரு சிலையைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அதில் நிற்பவர் நல்லவரா கெட்டவரா என்பது அடுத்தது. பணம் போட்டவர் யார், இடம் கொடுத்தவர் யார், வாய் திறக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் யார் என்று கேட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இதே மவுண்ட் ரோட்டில் தீவுத்திடல் பக்கம் தாமஸ் மன்றோ குதிரைமேல் இருக்கிறார். பிரான்சிஸ் சான்ட்ரி செய்த அந்தச் சிலை 1839 முதல் அங்கேயே நிற்கிறது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை என்று நூறு கதை சொல்வார்கள். மன்றோவும் கம்பெனி ஆள்தான், திப்புவுக்கு எதிராகப் போரிட்டவர்தான். ஆனால் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர் என்று கடப்பை, அனந்தபூர்ப் பக்கம் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்த காலம் உண்டு. வெள்ளைக்காரன் என்பதற்காகவே எல்லாச் சிலையையும் பிடுங்க வேண்டும் என்று 1927-ல் போராடியவர்களும் சொல்லவில்லை. அவர்கள் கை நீட்டியது ஒரே ஒரு சிலையை.

அந்த வருஷம் ஏன்? 1857 பற்றிச் சாவர்க்கர் எழுதித் தடைசெய்யப்பட்ட நூல் கைமாறிக் கைமாறிப் பரவியிருந்தது. 1925-ல் எட்வர்ட் தாம்சன் என்ற ஆங்கிலேயர், தம் நாட்டார் 1857-ல் செய்தவற்றை அவர்களுடைய எழுத்திலிருந்தே எடுத்து ஒரு சிறு நூலாகப் போட்டார். ஒத்துழையாமை ஓய்ந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் காங்கிரஸ் தொண்டர்கள் கை பிசைந்துகொண்டிருந்த நேரமும் அதுவே. கண்ணெதிரே, நடு ரோட்டில், கையைக் காட்டி ‘இவன்தான்’ என்று சொல்லக்கூடிய எதிரி ஒருவன் கிடைத்தான்.

1927 ஆகஸ்ட். மதுரையிலிருந்து இரண்டு தொண்டர்கள் வந்தார்கள். முகமது சாலியா, சுப்பராயலு நாயுடு. ஏணி கொண்டுவந்து சாத்தினார்கள். சுத்தியலும் கோடரியும் கையில். பட்டப்பகலில், ஊரறிய, வெண்கலத்தின்மேல் ஓங்கி அடித்தார்கள். ஒரு கோடரிக்கு அவ்வளவு பெரிய சிலை விழாது என்று அவர்களுக்கும் தெரியும். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. அடுத்த அணி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. திருநெல்வேலி சோமயாஜுலு தலைமை தாங்கி ஜெயிலுக்குப் போனார். ஆள் திரட்டிக் கொடுத்தவர்களில் விருதுநகரிலிருந்து வந்த 24 வயதுப் பையன் ஒருவன், பெயர் காமராஜ்.

கடலூரிலிருந்து அஞ்சலை அம்மாள் வந்தார், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவோடு. இருவரும் கைதானார்கள். அந்தக் காலத்தில் ஒரு நெசவுக் குடும்பத்துப் பெண், மகளையும் கூட்டிக்கொண்டு, செத்து எழுபது வருஷமான ஒரு வெள்ளைக்காரனின் சிலையை உடைக்கச் சென்னைக்கு வருவது என்றால் வீட்டில், தெருவில் என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பார்! இதைப் பற்றி நாம் எழுதி வைத்தது மிகக் குறைவு. செப்டம்பரில் சென்னை வந்த காந்தி, அகிம்சைக்குக் குந்தகம் வராதவரை போராட்டத்துக்குத் தம் ஆதரவு உண்டு என்றார். அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி என்று பெயர் சூட்டி, பின்னர் தம் ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டார்.

சுத்தியலால் அடிப்பது அகிம்சையா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உயிருக்கு அடி இல்லை, ஓடி ஒளியவில்லை, தண்டனையை வாங்கிக்கொண்டார்கள் என்பது பதில். என் கணக்கில் அந்தப் பதில் போதும்.

டிசம்பரில் சென்னையிலேயே காங்கிரஸ் மாநாடு கூடி சைமன் கமிஷனைப் பகிஷ்கரிப்பது என்று தீர்மானித்தது. கவனம் அங்கே போனது, நீலன் தப்பினான். பத்து வருஷம் கழித்து, 1937-ல், ராஜாஜி மந்திரிசபை வந்தது. கோஷம் இல்லை, கோடரி இல்லை. சிலையைப் பீடத்திலிருந்து இறக்கினார்கள். அது எழும்பூர் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் அதை உருக்கவில்லை, கடலில் போடவில்லை.

2020 ஜூனில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். பிறகு அதை வெளியே எடுத்து, தெளித்த சாயம் தெளித்தபடியே, படுத்த வாக்கில் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துபோகும் என்று அப்போது பெரிய கூக்குரல் எழுந்தது. இதற்குச் சென்னையிடம் பதில் இருக்கிறது. நீல் நின்ற காலமெல்லாம் பீடத்தில் இருந்தது பாதிக் கதை. ரத்தம் துடைத்த கதையைத் தமிழ்நாட்டுக்குச் சொன்னது அந்த ஏணியும் சுத்தியலும்தான். ஏர் நகரத்தில் இன்னொரு நீல் இன்றைக்கும் நிற்கிறார். அதை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்பது அந்த ஊர்க்காரர் பாடு. ஆனால் கான்பூர் ஆணை என்ன சொன்னது என்று ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர்கள் முடிவு செய்யட்டும்.

அந்தமானில் இருந்த நீல் தீவுக்கு 2018 டிசம்பரில் ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். மவுண்ட் ரோட்டிலோ அதற்கு வெகுகாலம் முன்பே ஒன்று நடந்துவிட்டது. 1961 அக்டோபரில், ஜிம்கானா கிளப் பக்கம், முதலமைச்சர் காமராஜின் சிலையை நேரு திறந்துவைத்தார். சிலைக்கு உரியவர் அப்போது உயிரோடு இருந்தார். உயிரோடு இருப்பவருக்குச் சிலை வைக்கும் பழக்கம் எனக்குப் பிடித்தமானதல்ல, அது காமராஜாக இருந்தாலும். அது வேறு சண்டை.

எழும்பூர் போன சிலையைப் பற்றி ஒரு வேண்டுகோள். நீலை எந்த அறையில், எந்த மூலையில் வைத்தாலும் சரி, பக்கத்தில் ஒரு பலகை இருக்க வேண்டும், தமிழில். அதில் 1857 ஜூலை 25 ஆணை இருக்கட்டும், பீபிகரில் செத்த பெண்களும் குழந்தைகளும் இருக்கட்டும். முகமது சாலியா, சுப்பராயலு நாயுடு, சோமயாஜுலு, அஞ்சலை அம்மாள், அம்மாக்கண்ணு ஆகிய பெயர்கள் நீலின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.