டி.பி. ரோட்டில் ஒரு டிபி ஸ்பெக்ட்ரம்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும் இன்றைய ஜூனியர்களுக்குத் துப்பாக்கியும் கார் ரேஸும்தான் ஞாபகம் வரும். எண்பதுகளில் நம் சீனியர்கள் சிலர் வீட்டில் உட்கார்ந்து தாங்களே எழுதிய விளையாட்டுகள் வேறு ரகம். ரம்மி, கட்டம் நகர்த்தும் புதிர், ஆடுபுலி ஆட்டம். அதற்கு ரசனை மட்டும் காரணமல்ல, மெஷினும் ஒரு காரணம்.

அந்த மெஷின் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் சின்க்ளேர் நிறுவனம் வெளியிட்டது. இசட்-80 பிராசசர், வேகம் 3.5 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 48கே. திரைக்கு வீட்டு டி.வி., சேமித்து வைக்க டேப் ரெக்கார்டர். எண்பதுகளின் பிற்பகுதியில் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் இதை 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் இந்தியாவிலேயே விற்றது. (ஆர்.எஸ்.புரத்துக்காரர்களுக்கு டி.பி. என்றால் திவான் பகதூர் ரோடுதான்; இது வேறு டிபி!) அதற்கு முன்பே 1984-85ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டம் 250 பள்ளிகளில் பி.பி.சி. மைக்ரோவை வைத்திருந்தது. ஆனால் பள்ளியில் இருக்கும் மெஷினைப் பீரியடு முடிந்தால் விட்டுவிட்டு வரவேண்டும். ஸ்பெக்ட்ரம் வீட்டு ஹாலில் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டி.வி. காலியானால் உட்கார்ந்துவிடலாம்.

அதில் எழுதிய பேசிக் மொழியோ மாட்டு வண்டி. ஒவ்வொரு வரியாகப் படித்துப் புரிந்துகொண்டு வேலை செய்யும். பறக்கும் விமானம் வேண்டுமென்றால் மெஷின் கோடு கற்றாக வேண்டும். சீட்டாட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நாம் யோசிக்கும் வரை சீட்டு காத்திருக்கும், மெஷின் யோசிக்கும் வரை நாம் காத்திருப்போம். இன்னொன்றும் உண்டு. திரையில் 8க்கு 8 புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே நிறம்தான் வரும். நகரும் படங்களுக்கு அது தலைவலி. வெள்ளையில் சிவப்பு, வெள்ளையில் கறுப்பு என்றிருக்கும் சீட்டுக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை. நாமே வரைந்துகொள்ளும் எழுத்துகள் 21 வரை வைத்துக்கொள்ளலாம். இஸ்பேட்டு, ஆட்டின், டைமன், கிளாவர் நாலும் அதில் அடக்கம். கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக அடைத்து எண்ணாக்கி டைப் அடிக்க வேண்டியதுதான்.

என் பெரியப்பாவும் நம் கல்லூரிதான். டி.பி. ரோடு பக்கத்து வீட்டில் அவர் எழுதிய ரம்மியின் கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். ஸ்விட்ச் போட்டு லோடு செய்ததும் முதல் ஆட்டத்தில் அப்பத்தா ஜெயித்துவிடுவாராம். "இந்தப் பொட்டி போட்ட சீட்டையே போடுதுடா" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அப்பத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஸ்பெக்ட்ரம் கையில் ஒரு எண்ணை வைத்திருக்கும். சீட்டு கேட்கும்போதெல்லாம் அதோடு 1 கூட்டி, 75ஆல் பெருக்கி, 65537ஆல் வகுத்து, மீதியில் 1 கழிக்கும். அதுதான் அடுத்த எண். ஸ்விட்ச் போட்டதும் கையில் இருப்பது 0. ஆகவே எப்போதும் 74, 5624, 28652 என்றே வரும். அவற்றை 52 சீட்டுக்குப் பங்கு போட்டால் 1, 5, 23ஆம் சீட்டுகள். பெரியப்பாவின் வரிசையில் அவை இஸ்பேட்டு ஆஸ், இஸ்பேட்டு அஞ்சு, ஆட்டின் பத்து. இதைத் தவிர்க்க 'ராண்டமைஸ்' என்று ஒரு வரி போதும். மெஷின் ஓட ஆரம்பித்ததிலிருந்து நொடிக்கு 50 என எண்ணிக்கொண்டிருக்கும் கணக்கிலிருந்து தொடக்க எண்ணை எடுத்துக்கொள்ளும். பெரியப்பா அந்த வரியைப் போடவில்லை. போட்டிருந்தாலும் கிடைப்பது 65,536 தொடக்கங்கள்தான். உண்மையான சீட்டுக்கட்டை அடுக்கும் வழிகளோ 68 இலக்க எண்!

கலைப்பதிலும் ஒரு சூட்சுமம். ஏற்கெனவே விழுந்த சீட்டு மறுபடி வந்தால் தள்ளிவிட்டு இன்னொன்று கேட்பது சுலபமான வழி. 52ம் விழ சராசரியாக 236 தடவை கேட்க வேண்டும், கடைசிச் சீட்டுகளுக்கு மெஷின் திணறும். மீதியுள்ளவற்றிலிருந்து மட்டும் எடுத்து இடம் மாற்றினால் 51 தடவையில் வேலை முடிந்தது. பெரியப்பா முதல் வழியைத்தான் பிடித்தார். மெஷின் "சீட்டுக் கலைக்குது" என்று வீட்டில் எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்களாம்.

அவருடைய 15 கட்டப் புதிரில் மட்டும் குறை சொல்ல முடியாது. காய்களைக் கண்டபடி வைத்தால் பாதி நேரம் தீர்க்கவே முடியாத புதிர் வரும். 1879லேயே நிரூபித்த கணக்கு அது. அவர் சரியான வரிசையில் ஆரம்பித்து, நகர்த்தி நகர்த்தியே குலைத்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் பரணில் அவருடைய கேசட் கிடைத்தது. டேப் ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, கீச்சென்ற அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, எமுலேட்டரில் ஏற்றினேன். ரம்மியும் புதிரும் ஓடின. மூன்றாவதுதான் ஆடுபுலி. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. அதன் பெயர் மட்டும் திரையில் வந்தது. அப்புறம் டேப் கசங்கியிருக்கிறது, பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது. ஸ்பெக்ட்ரம் ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு பைட் வைக்கும். தப்பு இருக்கிறதென்று அது சொல்லும், எங்கே என்று சொல்லாது.

பெரியப்பா இப்போது இல்லை. அதை எழுதிய காகிதமும் இல்லை. ஆனால் ஹாஸ்டல் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் காப்பி எடுத்துப் போனதாகப் பெரியம்மா சொல்கிறார். எண்பதுகளின் கடைசியில் படித்த சீனியர்களே, உங்கள் வீட்டுப் பரணில் சினிமாப் பாட்டு கேசட்டுகளுக்கு நடுவே லேபிளில் 'புலி' என்று எழுதிய ஒன்று இருக்கலாம். தயவுசெய்து வீட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த டேப் ஒரே தடவையில் அறுந்துவிடும். அப்படியே உறையில் போட்டு சந்திப்பு நாளன்று கொண்டுவாருங்கள். சுத்தம் செய்த டெக்கும் லேப்டாப்பும் பதிவு மேஜைக்குப் பக்கத்தில் என்னிடம் இருக்கும்.