11 ஓட்டு, 2 எம்.பி.

ஒரு தொகுதி. அங்கே வீடு, வாசல் என்று சொல்லும்படி ஏதும் கிடையாது, குடியிருக்க ஆளும் அநேகமாகக் கிடையாது. புல் முளைத்த ஒரு மேடு. ஆனால், அந்த மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு எம்.பி.க்கள்!

கற்பனை இல்லை. இங்கிலாந்தில் இருந்த அந்தத் தொகுதிக்கு ஓல்டு சாரம் என்று பெயர். 1831-ல் மொத்த வாக்காளர்கள் 11 பேர். அத்தனை பேருமே வெளியூர்க்காரர்கள். அங்கே நிலம் இருந்தது. அதனால் ஓட்டும் இருந்தது.

சரி, மான்செஸ்டர்? பருத்தி ஆலைகளின் தலைநகரம். லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. எம்.பி.க்கள் எத்தனை பேர்? பூஜ்யம்.

அந்த ஆலைகளில்தான் ஆறேழு வயதுப் பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பஞ்சு பொறுக்க வேண்டும். அறுந்த நூலை முடிச்சுப் போட வேண்டும். தினமும் 12 மணி நேரம், சில ஆலைகளில் அதற்கும் மேலே. ஏன் என்று கேட்டால் பெரிய மனிதர்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: ‘வதவதவென்று பெத்துப் போட்டா இப்படித்தான்!’

அந்தப் பதிலுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவர் மால்தஸ். பாதிரியார். ஜனத்தொகை 1, 2, 4, 8 என்று பெருகும். சாப்பாடு 1, 2, 3, 4 என்றுதான் கூடும் என்று 1798-ல் புத்தகம் போட்டார். ஏழைகளுக்குக் கொடுக்கிற உதவியையே படிப்படியாக நிறுத்திவிடலாம் என்றார். கணக்கு நிஜம் போலத்தான் தெரிந்தது. 1801-ல் இங்கிலாந்து, வேல்ஸ் ஜனத்தொகை சுமார் 89 லட்சம். 1831-ல் சுமார் 1 கோடியே 39 லட்சம்.

இந்த மால்தஸ்தான் 1805 முதல், நம் ஊரை ஆள வந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு ஹெய்லிபரி கல்லூரியில் பொருளாதார வாத்தியார் என்பது கொசுறு.

தொழிலாளிகள் வேறு கணக்குப் போட்டார்கள். எங்களுக்கு ஓட்டு இல்லை; அதனால்தான் எங்கள் பிள்ளைகளுக்காகப் பேச ஆள் இல்லை. 1819 ஆகஸ்ட் 16 அன்று, ஓட்டுரிமை கேட்டு மான்செஸ்டர் மைதானத்தில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. முதல் பலி யார் தெரியுமா? அந்தக் குதிரைகள் வந்த வழியில் அம்மாவின் கையிலிருந்து தெறித்து விழுந்த இரண்டு வயதுக் குழந்தை, வில்லியம் ஃபில்டெஸ்.

சீர்திருத்தம் வந்தது 1832-ல். ஓல்டு சாரம் ஒழிந்தது. மான்செஸ்டருக்கு இரண்டு எம்.பி.க்கள். மறு வருஷமே, ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெரும்பாலான துணி ஆலைகளில் சேர்க்கக்கூடாது என்று சட்டம். மேற்பார்வைக்கு நாடு முழுவதற்கும் நாலே நாலு இன்ஸ்பெக்டர்கள்!

அவசரப்பட்டுக் கை தட்டாதீர்கள். ஓட்டு கிடைத்தது வசதியானவர்களுக்குத்தான். இங்கிலாந்தின் ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு. பெண்களுக்குச் சுத்தமாக இல்லை. அதே நாடாளுமன்றம் 1834-ல் ஏழைகளுக்கான சட்டத்தை இறுக்கியது. உதவி வேண்டுமா? குடும்பத்தோடு ‘ஒர்க்ஹவுஸ்’ போ. உள்ளே போனால் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். ஆலிவர் ட்விஸ்ட் கஞ்சி கேட்டது இங்கேதான்.

நகரத்துத் தொழிலாளிகளில் பலருக்கு ஓட்டு வந்தது 1867-ல். அப்புறம் பாருங்கள்: 1870-ல் ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறக்கச் சட்டம், 1880-ல் கட்டாயக் கல்வி, 1891-ல் இலவசக் கல்வி.

அப்படியானால் ஜனத்தொகை? 1860-களில் கல்யாணம் செய்தவர்களுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட ஆறு குழந்தைகள். 1920-களில் கல்யாணம் செய்தவர்களுக்கு இரண்டு சொச்சம். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று ரொம்ப எளிமையானது. ஆலைக்குப் போகிற பிள்ளை வரவு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை செலவு. வரவுக்குத்தான் எண்ணிக்கை தேவைப்படுகிறது.

இனி யாராவது உங்களிடம் ‘ஏழைகள் ஏன் இத்தனை பெத்துக்கறாங்க?’ என்று கேட்டால், அந்தப் புல் முளைத்த மேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.