ஏட்டில் ஏறிய பெயர்களும் ஏறாத பெயர்களும்



'எண்ணுதல்' என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் பொருள், நினைத்தல் என்றும் பொருள். இந்த யூபிலி மலருக்காக நம் முன்னோரை எண்ணத் தொடங்கிய நாம் இரண்டையும் சேர்த்தே செய்ய நேர்ந்தது. அகுஸ்து சீசரின் கட்டளைப்படி பெயர் பதியச் சென்ற ஊரில்தானே நம் ஆண்டவரும் பிறந்தார்!

நம் நாட்டில் அரசு முதன்முதலாகக் குடிக்கணக்கு எடுத்தது 1872ஐ ஒட்டிய ஆண்டுகளில். திருச்சபையோ அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதத் தொடங்கிவிட்டது. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், ஞானஸ்நானத்தையும் மெய்விவாகத்தையும் ஏட்டில் பதியும்படி பங்குக் குருக்களைப் பணித்தது. 1614இல் வெளிவந்த ரோமைச் சடங்கு நூல், வீடுவீடாக ஆன்மாக்களைக் குறிக்கும் ஏட்டையும் கேட்டது. நம் குடும்பப் பதிவேடு அதன் வழிவந்ததே.

வீரமாமுனிவர் 'திருக்காவலூர்' என்று பெயரிட்டுப் போற்றிய ஏலாக்குறிச்சி நமக்கு அயலூர். அடைக்கல அன்னையின் நிழலில் தஞ்சம் புகுந்தோரால் வளர்ந்த ஊர் அது. அக்காலத்துச் சேசு சபைக் குருக்கள் ரோமைக்கு எழுதிய ஆண்டு மடல்களில் ஞானஸ்நானம் பெற்றோரின் எண்ணிக்கையும் இருக்கும். 1773இல் சபை கலைக்கப்பட்டது. புதுச்சேரிக் குருக்கள் வந்தனர். 1899இல் கும்பகோணம் மறைமாவட்டம் உருவாயிற்று. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், 1881 கணக்கில் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகையே குறைந்திருந்தது. செத்தவர் போக, கங்காணி பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவரும் பலர்.

அரசின் கணக்கில் ஊர் விட்டுப் போனவர் வேற்றூரின் எண்ணாகிவிடுவார். நம் ஏட்டில் அப்படியன்று. எந்தப் பங்கில் மணமுடித்தாலும் செய்தி இங்கே வந்து, அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் ஏறும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2011 கணக்கின்படி அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேர். பெரம்பலூரில் 5,65,223 பேர். ஆண்கள் ஆயிரத்துக்கு அரியலூரில் பெண்கள் 1,015, பெரம்பலூரில் 1,003. பெண்கள் கூடுதல் என்று மகிழலாமா? ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனதும் இதற்கு ஒரு காரணம். ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை மட்டும் பாருங்கள். ஆண் ஆயிரத்துக்குப் பெண் அரியலூரில் 897, பெரம்பலூரில் 913. தமிழ்நாடு முழுவதற்கும் 943. இயற்கையாகப் பிறந்தால் ஆயிரம் ஆண் மகவுக்குப் பெண் மகவு ஏறத்தாழ 950 இருக்கும்.

அப்படியானால் அரியலூரில் ஆயிரத்துக்கு ஐம்பது பெண் குழந்தைகள் எங்கே? கருவிலேயே அழிக்கப்பட்டவர்களின் பெயர் ஞானஸ்நானப் புத்தகத்திலும் இல்லை, மரணப் புத்தகத்திலும் இல்லை. ஸ்கேன் செய்து ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது, ஆசையைத் தடுக்கவில்லை. நம் வீடுகளில் இது நடவாது என்று சொல்லிக்கொள்ள நமக்கும் விருப்பந்தான். ஆனால் அரசின் கணக்கில் நம் வீடுகளும் உள்ளனவே.

ஆகையால் 1981 முதல் இன்றுவரையுள்ள ஞானஸ்நானப் பதிவுகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணும்படி இளைஞர் மன்றத்தாரைக் கேட்டிருக்கிறோம். சிற்றூர்ப் பங்கில் ஓர் ஆண்டின் எண்ணை வைத்து எதுவும் சொல்ல இயலாது. பத்துப் பத்து ஆண்டாகத்தான் பார்க்க வேண்டும். 2021இல் நின்றுபோன அரசின் கணக்கு, 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு எடுக்கப்படுமென 2025இல் அறிவிக்கப்பட்டது. நம் கணக்கு அதற்குக் காத்திராது. எண்ணி முடித்ததும், எது வந்தாலும் வந்தபடியே, ஞாயிறு பூசைக்குப் பின் பங்குப் பேரவையில் வாசிப்போம்.